தொரை வீட்டுப் பாட்டன்

— முடியாதுன்னா முடியாது, இக்னேசியஸ். மாசிக் காமன் கூத்துல மன்மதன் வேசம் கட்டி ஆடுறவனுக்கு என் மக சண்முகவடிவா? நான் யாரு? இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கே பெரிய கங்காணி அழகுமுத்து! கூத்தாடி எவனும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது.

— வீரய்யா நல்ல பயங்க, கங்காணி ஐயா. தொரை பங்களாவுல நான் பட்லரா இருந்தப்ப என்கூடத்தான் வேலை பார்த்தான். வடிவுக்கும் அவன்தான் வேணுமாம்.

— ஆமாங்க, எங்கிட்டயும் அதத்தான் சொன்னா.

— நீ சும்மா இரு, அம்மாக்கண்ணு! ஆம்பளைன்னா எப்படி நிக்கணும்னு சுவத்துல பாரு. சுதந்திரம் வந்துச்சுன்னு தொரை சீமைக்குக் கப்பல் ஏறுனப்ப, ஏலத்துல நான் எடுத்த படம். தொரையோட பாட்டன்! ஒத்தக் காலை முன்னால வச்சு, நெஞ்சை நிமித்தி... யானை மேல ஏறப்போற ராசா மாதிரி இல்ல?

— காலுசட்டை போட மறந்துட்டு ஓடியாந்த மனுசன் மாதிரி இருக்கான்னு நான் அன்னைக்கே சொன்னேன்.

— அது ராச உடுப்புடி, கூறு கெட்டவளே! காலோட ஒட்டித்தான் தைப்பாங்க.

— தலையில பூவு?

— கிரீடம்.

— ஐயா... பாட்டன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?

— யாரு சொல்லணும்? தொரை வீட்டுச் சுவத்துல வேற எவன் தொங்குவான்? வெள்ளிக்கிழமை தவறாம சூடம் காட்டுறேன். தொழிலாளிங்க லயத்துல வீடு வீடாப் போயி கேளு. வட்டகொடை ஸ்டேசன் வரைக்கும் தெரியும்.

— மாதா மேல சத்தியமா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இது பாரிஸ் பட்டணத்து மேடையில ஆடுனவன். கீழ வரிசையா வெளக்கு தெரியுது பாருங்க. பின்னால காடு, அது சீலையில வரைஞ்சது. தொரைசாணி விருந்தாளிங்ககிட்ட சொல்றப்ப சூப்புத் தட்டோட நின்னு கேட்டிருக்கேன். பொம்பளை ஆடுற படம்தான் அப்ப நெறைய அச்சடிப்பாங்களாம். ஆம்பளை ஆடுனா அங்கயும் சிரிப்பாங்களாம். அதனால இது அபூர்வமாம்.

— கூ... கூத்தாடியா?

— அட சாமி! கூத்தாடிக்கா இம்புட்டு நாளு தேங்கா ஒடச்சோம்?

— சிரிக்காதடி! இது வேற யாருக்குத் தெரியும்?

— வீரய்யாவுக்குத் தெரியுங்க. பங்களாவுல கண்ணாடி தொடைக்கிறப்ப எல்லாம் இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகினான். போன மாசி, அம்பு விடுறப்ப எகிறிக் குதிச்சு, அந்தரத்துல காலை விரிச்சானே...

— நீங்ககூட தலப்பாவைக் கழட்டி மேடையில வீசுனீங்களே!

— வீசுனேன், வீசுனேன்... ஏப்பா, அவன் வெளிய சொல்லுவானா?

— மாமனார் மானத்தை மாப்பிள்ளை எதுக்குங்க வாங்குறான்? வேத்தாளுன்னா, என்னால உறுதி சொல்ல முடியாது.

— தம்பி சொல்றது நியாயந்தானே? இல்லாட்டி நீங்க சொன்ன சொல்லுப்படி நடந்துக்கங்க. ஸ்டூலை எடுத்தாரேன், மொதல்ல இந்தக் கூத்தாடியக் கழட்டி வாசப்படிக்கு வெளிய வைங்க. நாளைக்கு லயமே வந்து நிக்கும், பாட்டன் எங்கன்னு.

— ஆணியில கை வைக்காத, அம்மாக்கண்ணு. எவனாச்சும் கேட்டா, இவரு எங்க மாப்பிள்ளையோட குருநாதர்னு சொல்லு.