ஒரு விரிப்புக்கு ஒரு துண்டு

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே! பள்ளிவாசல் பெரியோர்களே! கோயில் தலைவர் அவர்களே! பங்குத் தந்தை அவர்களே! ஒரு கண் மேடையிலும் மறு கண் மூடிவைத்த சாமானிலுமாக அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மாரே! எல்லோருக்கும் இந்த வெங்காயக்காரி வதனாவின் வணக்கமும் ஸலாமும்!

சுருக்கமாகப் பேசச் சொல்லித்தான் மைக்கைத் தந்தார்கள். சிரிக்கிறீர்கள்! என்னை அறிந்தவர்கள்தானே.

இன்று என்ன விழா? பாலம் திறந்தோமா? பள்ளிக்கூடம் திறந்தோமா? இல்லை. சந்தை வாசலில் ஒரு பலகை திறந்தோம். இனி இங்கே பிடிக்கிற இடத்தின் நீளத்துக்கு ஏற்பத்தான் கட்டணம் என்று எழுதிய பலகை! பலகைக்கு மாலை போட்ட ஊர் நம் ஊராகத்தான் இருக்கும். போடத்தான் வேண்டும்!

முன்பு என்ன சட்டம்? ஒரு விரிப்புக்கு ஒரு துண்டு, ஒரு கட்டணச் சீட்டு. சாக்கு விரித்தாலும் ஒரு துண்டு, லொறியை நிறுத்தித் தார்ப்பாய்ப் படங்கு விரித்தாலும் அதே துண்டு, அதே காசு. சட்டம் போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அன்று எல்லோரிடமும் இருந்தது சாக்கு மட்டும்தான். யுத்தம் முடிந்தது, பாதை திறந்தது, லொறி வந்தது, சந்தை வளர்ந்தது. சட்டம் மட்டும் வளராமல் சாக்கிலேயே உட்கார்ந்திருந்தது!

அதனால் யார் வாடினார்கள்? நம் உம்மு குல்சூம் உம்மா வாடினார். தொண்ணூறில், யுத்தத்தில், மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து, நெத்தலிக் கருவாடு விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். கட்டணத்தைக் கூட்டினார்கள். லொறிக்கு அது நுளம்புக்கடி. உம்மாவுக்கோ, துண்டு வாங்கினால் வீட்டுக்கு அரிசி இல்லை. ஒரு சந்தை நாளில் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வதனா மகள், இனி நான் வரல்ல. துண்டுக் காசுக்காக மட்டும் யாவாரம் செய்யேலுமா?"

பக்கத்தில் இருந்தவர் கற்பிட்டி பிரான்சிஸ்கா அக்கா, கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துப் பழகிய கை.

"ஏன் போகோணும்? விரிப்பு எவ்வளவு நீளமெண்டு சட்டத்தில எழுதியிருக்கா?" என்றார்.

"இல்லை," என்றேன்.

"அப்ப எல்லாரும் சாக்கைக் கொண்டு வாங்க!"

அக்காவின் முற்றத்தில் கூடினோம். கருவாட்டுச் சாக்கு, வெங்காயச் சாக்கு, சீனிச் சாக்கு! முக்காடு போட்ட தலையும், சிலுவை தொங்கிய கழுத்தும், பொட்டு வைத்த நெற்றியும் ஒரே சாக்கின்மேல் குனிந்தன. சாக்கூசியும் வலைநூலுமாகத் தைத்தோம், சிரித்தோம், விரலைக் குத்திக்கொண்டோம், மறுபடி தைத்தோம்! அடுத்த சந்தையில், மீராசாஹிப் முதலாளியின் லொறிக்கு எதிரே, அவர் படங்கின் நீளத்துக்கே விரித்தோம் ஒரே விரிப்பு!

துண்டு கிழிக்கும் முபாரிஸ் தம்பி வந்தார். "இது என்ன புதினம்?" என்று திகைத்தார்.

"ஒரு விரிப்புத்தானே மகன். ஒரு துண்டைக் கிழிங்க!" என்றார் உம்மா.

தம்பி அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், போனை எடுத்தார். முபாரிஸ் தம்பி, தூணுக்குப் பின்னால் ஒளியவேண்டாம், தெரிகிறது!

தவிசாளரே நேரில் வந்தார். "இத்தனை பேருக்கு ஒரு துண்டா? இது நியாயமா?" என்று கேட்டார். உம்மா எழும்பவில்லை. கையை மட்டும் எதிரே நீட்டினார்.

"அந்த லொறிக்கும் ஒண்டுதானே ஐயா. அது நியாயமெண்டா இதுவும் நியாயம்."

ஐயா! நீங்கள் எங்களை எழுப்பி விரட்டியிருக்கலாம். ஆனால் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு மறக்காமல், சபையிலும் பேசிச் சட்டத்தை மாற்றினீர்கள். உங்கள் கழுத்து மாலை அதற்குத்தான்.

முதலாளி சும்மா விட்டாரா? "என்ட யாவாரம் பெருசெண்டா அது என்ட குத்தமா?" என்றார். குற்றமே இல்லை முதலாளி! பெருகட்டும்! இன்னும் இரண்டு லொறி வரட்டும்! லொறி பிடிக்கும் இடத்துக்கு லொறி கொடுக்கட்டும், சாக்கு பிடிக்கும் இடத்துக்குச் சாக்கு கொடுக்கட்டும். என்ன சொல்கிறார்? ஓம், "கட்டுறன்தானே" என்கிறார். கைதட்டுங்கள்!

நாங்கள் இலவசம் கேட்டோமா? இரக்கம் கேட்டோமா? கட்டமாட்டோம் என்று சொன்னோமா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! இந்தச் சந்தைக் குழாயில் வரும் தண்ணீரில் எங்கள் காசும் இருக்கிறது, அதில் எங்களுக்குப் பெருமை. அளந்து வாங்குங்கள் என்றோம், அவ்வளவுதான்! கடையில் சோப்பும் பால்மாவும் வாங்கினால், முதலாளி வீட்டுக்கும் கூலிக்காரர் வீட்டுக்கும் இன்றைக்கும் ஒரே வரிதான். அந்தச் சட்டம் கொழும்பில் இருக்கிறது. அதற்கு எவ்வளவு பெரிய சாக்குத் தைக்கவேண்டும் என்று பிரான்சிஸ்கா அக்காவைத்தான் கேட்கவேண்டும். சத்தம் போடாதீர்கள், அக்கா உண்மையாகவே ஊசியை எடுத்துவிடுவார்!

இனி அந்த விரிப்பு எதற்கு, பிரித்துவிடலாமே என்றார்கள் சிலர். உம்மா விடவில்லை. எங்கே அது? அண்ணாந்து பாருங்கள்! இவ்வளவு நேரமும் தவிசாளரும் முதலாளியும் நாங்களும் வெயில் படாமல் இருந்தது அதன் நிழலில்தான்!

உம்மா எங்கே? மேடைக்கு அழைத்தோம், வரமாட்டேன் என்றார். அதோ, தன் பழைய இடத்தில், ஒரு புதுச் சாக்கில் இருக்கிறார். நெத்தலி நிறுத்துக்கொண்டிருக்கிறார்.

வந்த கால்களுக்கும், தைத்த கைகளுக்கும், தட்டிய கைகளுக்கும் நன்றி! உம்மாவிடம் நெத்தலி வாங்காமல் யாரும் போகக்கூடாது. வெங்காயத்துக்கு என்னிடம் வாருங்கள். ஸலாம்! வணக்கம்!