என் மூன்றாவது சிம்பொனி

இந்த வருஷம் அல்மாட்டியில் ஆப்பிள் நன்றாகக் காய்த்திருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள், மகளே. விசாரிக்க வந்த அதிகாரி வாயில் எதையும் போடக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே. கேட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். இசைக் கல்லூரிப் பேராசிரியனுக்கு விளக்கிச் சொல்வது பழக்கம்தான்.

ஒராஸ்பெக் என்ற என் பெயரை நீங்கள் முன்பே கேள்விப்பட்டிருக்கலாம். அணை திறந்தால் அதற்கு நான் ஒரு இசை எழுதுவேன், விளையாட்டரங்கம் கட்டினால் அதற்கும் எழுதுவேன். கைதட்டுவார்கள். தட்டி முடிப்பதற்குள், வாசலில் கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்க வரிசைக்கு ஓடுவார்கள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. குளிர்காலம் நீளமான ஊர் இது.

என் வகுப்புத் தோழன் சன்சிஸ்பாய் வேறு மாதிரி. அவனுக்கு இசை விக்கலைப் போலத் தானாக வரும். ஆனால் உட்கார்ந்து எழுதச் சோம்பல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துவிட்டு, நல்ல மெட்டையெல்லாம் குளியலறையில் பாடித் தீர்த்துவிடுவான். ஏன்டா எழுதி வைக்கவில்லை என்றால், "நான் பாடறேன், நீ எழுதிக்கோ" என்று சிரிப்பான். ஆக, ஏற்பாடு அவன் சொன்னதுதான்.

பிறகு அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு போவதில்லை என்று டாக்டர் சொன்னார். உண்மைதான். தினமும் காலையில் நான் போவேன். அவன் மனைவி குல்யாஷ் பால் விட்டுத் தேநீர் ஊற்றுவாள். அவன் கட்டிலில் சாய்ந்தபடி மெட்டை முனகுவான், நான் அவன் பியானோவில் வாசித்துப் பார்த்து எழுதுவேன். ஒரு சுரம் தப்பினால் போதும், இடது கையால் மெத்தையில் ஓங்கி அடிப்பான். அத்தனை கண்டிப்பான வாத்தியார் எனக்கு வாய்த்ததே இல்லை. ரொம்பச் சிரிப்போம்.

அந்தக் காலைகளில்தான் என் செல்லோ இசை பிறந்தது. அரங்கேற்றத்தன்று கோட்டுக்கு யாரும் ஓடவில்லை. ஒராஸ்பெக்குக்கு இரண்டாவது வசந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. அரசாங்கம் பதக்கம் கொடுத்தது. அதை அவன் சட்டையில் குத்திப் பார்த்தோம், அழகாகத்தான் இருந்தது. பிறகு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஸௌரேஷ் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க அனுப்பிய பெண். கெட்டிக்காரி, பொறுமைசாலி. ஒருநாள் சன்சிஸ்பாய் தேநீர்க் கோப்பையைக் காட்டி "சாய்" என்றான். குல்யாஷ் அழுதுகொண்டே மாவு பிசைந்து பவுர்சாக் பொரித்து அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தாள். நானும் வயிறாரச் சாப்பிட்டேன். அடுத்து "கதவு" வந்தது. அதற்கடுத்து, நான் எழுதி வைத்திருந்த சுரத்தாளைக் காட்டி, "எ... என்..." என்றான்.

பாதியில் நிற்கிற வாக்கியம் எங்கே போய் முடியும் என்று ஆசிரியனுக்குத் தெரியும். அதோடு, அன்று காலை அவன் ஒரு மெட்டுக்கூட முனகவில்லை. பேச்சு வர வரப் பாட்டு வற்றுகிறது. இதை யாராவது யோசிக்க வேண்டாமா?

குடும்பத்தார் வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று ஸௌரேஷிடம் வாசலில் சொன்னேன். நன்றி சொல்லி ஆப்பிளும் கொடுத்தனுப்பினேன். குல்யாஷை அடுக்களையில் உட்கார வைத்துப் பேசினேன்.

"அந்தப் பொண்ணு உங்கிட்ட சொல்ல சங்கடப்பட்டு எங்கிட்ட சொல்லிட்டுப் போச்சும்மா. பேச வச்சா மூளையில இன்னொரு நரம்பு வெடிச்சிடுமாம்."

"நெசமாவாண்ணே? நேத்துகூட நல்லா சொன்னாரே."

"அதான் ஆபத்தாம். அவன் பேச வாயெடுத்தா நீ எதையாவது ஊட்டிவிட்டுடு."

அவள் சொன்ன சொல் தட்டாதவள். அவன் உதடு துடித்தால் உடனே ஒரு கரண்டி தயிர் ஊட்டிவிடுவாள். அவன் கண்ணில் நீர் வழியும், விழுங்கிவிடுவான். உடம்பு நன்றாகத் தேறியது. மாதங்கள் போகப் போக வாயெடுப்பதையே விட்டுவிட்டான். மெட்டுகள் திரும்பி வந்தன. முன்பைவிட ஆழமாக வந்தன.

மூன்றாவது சிம்பொனி அரங்கேறியபோது அவனைச் சக்கர நாற்காலியில் முதல் வரிசையில் நான்தான் உட்கார வைத்தேன். இரண்டாம் பகுதி முடிந்து அரங்கமே மூச்சடக்கிக் கிடந்தது. அடுத்த பகுதியின் மெட்டை அவன் முனக ஆரம்பித்தான், வாத்தியங்கள் தொடங்கும் முன்பே. அதுவரை யாரும் கேட்டிராத மெட்டு. பின்வரிசையில் ஸௌரேஷ் இருந்திருக்கிறாள். இடைவேளையில் அவளும் குல்யாஷும் பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கையில் இருக்கும் புகார் மனுவிலேயே இருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். ஸௌரேஷைத் திருப்பி அனுப்பியது நான். குல்யாஷிடம் சொன்னது பொய். அந்த மாதங்களில் விடாமல் பயிற்சி கொடுத்திருந்தால் அவன் பேசியிருப்பான், இனி வராது என்கிறார் டாக்டர். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

ஒரே ஒரு உதவி. குல்யாஷ் இப்போதெல்லாம் எனக்குக் கதவு திறப்பதில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். நான்காவது சிம்பொனி பாதியில் நிற்கிறதே என்பதற்காகக் கேட்கவில்லை, மகளே. வாய் பேச முடியாதவன். அவன் மனசில் இருப்பதைப் புரிந்துகொள்ள என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?