ஒரு டம்ளர் ஓ.ஆர்.எஸ்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“கெமிஸ்ட்ரில நூத்துக்கு நூறு வாங்கின எம்பொண்ணு என்னைக் கொல்லப் பாத்தா, அக்கா” என்றார் இளையவர்.

“என்னடி சொல்ற?”

“வயித்தால போயிக் கெடந்தேன். ஒரு லிட்டர் தண்ணியில கலக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்ட, முழுசா ஒரு டம்ளர்ல கலக்கிக் குடுத்துட்டா. குடிச்சதும் இன்னும் மோசமாயிடுச்சு.”

“கரைசல், செறிவுன்னு ஒரு பாடமே இருக்குமே?”

“அதுலதான் முழு மார்க்கு. எவ்வளவு தண்ணி ஊத்தணும், சொல்லுடின்னா, ‘நாலு ஆப்ஷன் குடும்மா’ங்கறா.”

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் மூத்தவர் கேட்டார்.

“டாக்டருக்குத்தானே படிக்கப் போறா?”

“ஆமாக்கா.”

“ஆத்துக்கு எந்தக் கரையில ஆஸ்பத்திரி வைப்பான்னு முன்னாடியே சொல்லிடு. நாங்க மறுகரைக்குக் குடிபோயிடறோம்.”