ஷைலாவுக்கு வரைஞ்ச பூ

— படத்தச் சுவத்தப் பாக்கத் திருப்பி வச்சிருக்கியே, ஷைலா. மாட்டுததுக்குத்தான வரைஞ்சு குடுத்தேன்?

— எப்படிப்பா மாட்ட? எங்க மாமியாரு பாத்துட்டு, கல்யாணத்துக்குப் பெத்த அப்பா இப்படியா குடுப்பாவன்னு கேட்டாவ.

— பித்தளைச் செம்புல ஆவாரம்பூவும் செவ்வரளியும். இதுல என்ன கொறை?

— செம்பு கரி புடிச்சுக் கெடக்கு. ஆவாரம்பூ சாம்பல். அரளியில ஒரு பொட்டு செவப்பு இல்ல. பின்னால மழை பேஞ்ச கரிசக்காடு மாதிரி ஒரே கருப்பு. எங்க வீட்டுக்காரரோட ஆபீஸ்காரரு ஒருத்தரு மாடர்ன் ஆர்ட்டுன்னு மெச்சுதாரு. எனக்கு ரெண்டு நிமிசம் பாத்தா நெஞ்சு கனத்துப் போவுது.

— அப்படியா இருக்கு?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. முப்பது வருசம் ட்ராயிங் வாத்தியாரா இருந்தவிய. நான் மணிகண்டபிரபுவைக் கட்டுதேன்னு சொன்னதும் ஒரு வருசம் பேசல. அவிய கோயிலு, நாம சர்ச்சுன்னு. அப்புறம் மண்டபத்துல முன்னால உக்காந்து சிரிச்சீங்க. அதப் பாத்து மனச ஆத்தியிருந்தேன். வாய்தான் சிரிச்சிருக்கு. உள்ளுக்குள்ள இருந்தத இதுல தீத்துட்டீங்க.

— இல்லட்டி. வெறுத்து வரையல.

— பின்ன?

— வீட்டுக்கு வெள்ளையடிக்கையில உங்கம்மா பெயிண்டுப் பெட்டியத் தொடைச்சு, டியூபெல்லாம் மாத்தி அடுக்கியிருக்கா. நான் வைக்குதது மொதல்ல மஞ்சள், அடுத்தது செவப்பு, கடைசி கருப்பு. எப்பவும் உள்ள எடந்தானன்னு எடுத்துத் தீட்டிட்டேன்.

— எடத்த வச்சு எதுக்கு எடுக்கணும்? பிதுக்குனா நெறம் தெரியாதா?

— சர்க்கரை கண்ணுக்குப் போயிட்டுன்னு மதுரை கண்ணாஸ்பத்திரியில சொன்னாவ. உருவம் தெரியுது. நெறந்தான் ஒண்ணொண்ணாப் போயிட்டு. எல்லாம் சாம்பலாத்தான் இருக்கு.

— எப்ப இருந்து?

— நாம பேசாம இருந்த வருசத்துல.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— தெரியாது.

— எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?

— சொன்னா அப்பன விட்டுட்டுப் போவமாட்டேன்னு தேதியத் தள்ளி வச்சிருப்ப. ஏற்கெனவே ஒரு வருசம் உன்னைய அழவிட்டவன் நான்.

— அந்தப் படத்த எடுங்கப்பா. நானே மாட்டுதேன்.

— இரு. அன்னையில இருந்து ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். வேற யாருகிட்டயும் கேக்க முடியல.

— கேளுங்க.

— கல்யாணத்தன்னைக்கு நீ கட்டியிருந்த சேலை என்ன நெறம், தாயி?