ஈர மாலை

பேகம்பேட்டில் பஸ் ஏறிய இரண்டு பையன்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, வாயில் சுத்தத் திருநெல்வேலி. "போன வாரம் பூரா நாந்தாம்ல கம்ப்யூட்டரா இருந்தேன்" என்று கண்ணாடி போட்டவன் சொன்னதும் நான் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினேன்.

"என்னல உளறுத?" என்றான் மற்றவன்.

"எங்க ஆபீஸ்ல, வர்ற புகாரையெல்லாம் படிச்சு எது அவசரம்னு சொல்லுத புரோகிராம் ஒண்ணு இருக்கு. அது ஓடுத கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜை அன்னைக்கு மேனேஜரே ஈர மாலையைப் போட்டுட்டாரு. தண்ணி உள்ள இறங்கி, படுத்துட்டு."

"அவருகிட்ட சொல்லலையா?"

"தசரா லீவுக்கு ஊருக்குப் போயிட்டாரு. சரி பண்ணவும் ஆளு வரல. அதான் நானே படிச்சு, அது அனுப்புத மாதிரியே எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

"ஒருத்தனும் கண்டுபிடிக்கலையா?"

"ஒரு கேள்வி வரலியே. அதையே என் பேருல அனுப்பினா, ஆளாளுக்கு எடுத்து வச்சு சரிபாப்பானுவ."

"இப்ப?"

"சரி பண்ணியாச்சு. ஆனா பூஜைக்கு அப்புறம் அந்த ஒரு வாரம் பாத்த மாதிரி இப்ப கம்ப்யூட்டர் வேலை பாக்க மாட்டேங்குன்னு மேனேஜர் வருத்தப்படுதாரு."

"சம்பளம் கூட்டுத அப்ரைசல் நேரம். அது நாந்தான்னு சொல்ல வேண்டியதுதானல?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

கண்ணாடிக்காரன் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"நம்பல. கொஞ்ச நாளு அது பக்கத்துல உக்காந்து வேலை கத்துக்கோன்னாரு."