குதிரைக்கு வால்

ஐயோ தம்பி, அந்தக் குச்சியக் கீழ போடு. திருட வர்றவன் இப்படி மூச்சு வாங்கிக்கிட்டு காலங்காத்தால மெயின் கேட்டுல வந்தா நிப்பான்? உன் கேட்டுலேர்ந்து அந்த பம்ப் ரூம் வரைக்கும் ஒரு நட நடக்கணும். நாப்பதே அடி, அஷ்டே, அவ்ளோதான்.

எதுக்கா? வால் போடணும்ப்பா. குதிரைக்கு.

சிரிக்காத. இந்தா, போனைப் பாரு. மேப்புல இந்த நீலக் கோடு தெரியுதா? நான் நடந்தா அதுவும் கூடவே நடக்கும். பார்க்குல ஆரம்பிச்சேனா, இது தலை. பாட்டரி ரோட்டுல வளைஞ்சது கழுத்து. ஒவ்வொரு காலுக்கும் ஒரு சந்து, கடைசி வரைக்கும் போய் அதே சந்துல திரும்பி வரணும். நாலாவது சந்துல நாய் துரத்திடுச்சு. அதான் அந்தக் குளம்பு மட்டும் கொஞ்சம் கோணல்.

நானா எங்க கண்டுபிடிச்சேன்? அனன்யான்னு படம் வரையற பொண்ணு ஒண்ணு, போன வருஷம் ரிச்சர்ட்ஸ் பார்க்குக்கு வந்து வாக்கிங் போற கிழடுங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்துது. நடக்குறதே வரையறதுதானாம். ஒரே ஒரு கண்டிஷன், எந்த மண்ணுல நடக்குறமோ அந்த மண்ணோட கதையத்தான் வரையணும். எல்லாத்தையும் துணியில அச்சடிச்சு பார்க் வேலியில தொங்க விடும். இந்த ஞாயித்துக்கிழமையும் விடப்போவுது. ஐரினம்மா சர்ச்சைச் சுத்திச் சுத்தி வந்து மணி வரைஞ்சாங்க. மணி மாதிரியும் இருக்கு, இட்லி மாதிரியும் இருக்கு.

என்னுது முனீஸ்வரன் குதிரை. உனக்கு எந்த ஊரு? அரூரா! அப்ப உனக்கு நான் சொல்லணுமா? முனி போற வழியில செவுரு வைக்கக் கூடாதுன்னு உங்க ஊர்லயும் சொல்வாங்கல்ல? இங்க ரயில் ரோட்டோரம் அரசமரத்தடியில இருக்காரே, அவரு அமாவாசைக்கு அமாவாசை குதிரையேறி ஏரிக்குக் குளிக்கப் போவாரு. எந்த வழியா? உன் பில்டிங் வழியாத்தான். நம்பலியா? மழை பெஞ்சா உங்க பேஸ்மென்ட்ல முழங்கால் தண்ணி நிக்குதா இல்லியா?

பாத்தியா, முழிக்கிற! முப்பத்திரண்டு வருஷம் இந்த ஏரியாவுக்குத் தண்ணி வால்வு தொறந்தவன்ப்பா நான். ஆளு ஒசரத்துக்கு இரும்புச் சாவி, தோள்ல போட்டுக்கிட்டு தெருத்தெருவா நடந்த காலு இது. முனி போற வழியும் மழைத்தண்ணி போற வழியும் ஒண்ணுதான். அடைச்சா ரெண்டுமே வீட்டுக்குள்ள வந்துடும்.

சுத்திக்கிட்டுப் போவணுமா? போய்ப் பாத்தேனே! பின்னாடி சந்துல நடந்தா வாலு குதிரை வயித்துக்குக் கீழ தொங்குது. அசிங்கமா இருக்குப்பா, பொம்பளைங்க வந்து பாக்குற எடம்.

நோட்டுல எழுதணுமா? எழுது. பேரு பச்சைமுத்து. யாரப் பாக்கணும்னா... முனியப் பாக்கன்னு எழுதேன். சரி, சரி, சும்மா கோவப்படாத. உன் வேலைக்கு ஒலை வைக்க மாட்டேன்.

பி பிளாக், முன்னூத்தி நாலு. டொமினிக். ஆமா, அவனேதான். பால்கனியில உக்காந்துக்கிட்டுப் போறவன் வர்றவனையெல்லாம் நக்கல் அடிப்பானே. உன்னையும் விடலியா? என்ன சொன்னான், நிக்குற நாற்காலின்னா? அவன் வாய்க்கு அந்த மாதாவே தப்ப மாட்டா.

இருபது வருஷம் தெனம் காலையில நாங்க ரெண்டு பேரும்தான் வாக்கிங். போன வருஷமும் நான் இதே குதிரையத்தான் வரைஞ்சேன். அப்பவும் உங்க செவுரு வழிய மறிச்சுது, வாலில்லாமலே தொங்கவிட்டோம். வேலி முன்னாடி நின்னு, ஐரினம்மா, அனன்யா, அத்தினி பேரு எதுருல, டேய் பச்சை, பன்னி ரொம்ப நல்லாருக்குடான்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ. உனக்கு வாயிதான்டா நடக்குது, காலு நடக்குதா, முடிஞ்சா நீ நடந்து காட்டுடான்னு கத்திட்டேன்.

அன்னிக்கே அவன் கட்டைவெரல்ல புண்ணு. ஷூவுக்குள்ள மறைச்சுக்கிட்டுத்தான் என்னோட நடந்திருக்கான். அடுத்த மாசம் சர்க்கரை முத்திப்போய், காலை முழங்காலோட எடுத்துட்டாங்க. அப்பறம் மக ஆஞ்சலா இங்க கூட்டிட்டு வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன்ப்பா, போகாம இல்ல. ஹார்லிக்ஸ் பாட்டிலோட கேட் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். பதினோரு மாசமாச்சு.

இப்பவா? நாப்பது அடி நடக்கணும்னு சொன்னேன், நான் நடக்கணும்னா சொன்னேன்? அவன்தான் போடப்போறான் வாலு. போனை அவன் மடியில வெச்சுட்டு நான் வீல் சேரைத் தள்ளுவேன். போனுக்குக் காலு எது, சக்கரம் எதுன்னு தெரியவா போவுது? போற வழிக்குக் கோடு போடும்.

அந்த இன்டர்காம்ல அடி தம்பி. யாருன்னு கேப்பான். பச்சைமுத்துன்னு சொல்லிடாத, வெச்சுடுவான். பன்னி ஒண்ணு வாலு கேட்டுக்கிட்டு கீழ நிக்குதுன்னு சொல்லு.