கயிற்றை அவிழ்த்தவர்

மாரண்டஹள்ளி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவர் கூரைக்கு ஷீட் போடுகிறவர்.

"அடிபட்டவங்களே எங்கிட்ட மன்னிப்பு கேக்கறாங்கண்ணா."

"யாரு?"

"இண்டூர்ல தண்ணி எடுத்துட்டு வந்த அம்மா. மேலருந்து ஷீட்டு நழுவி அவங்க தோள்ல விழுந்துருச்சு."

"ஆளுங்க வராம தெருவுக்குக் குறுக்க கயிறு கட்டலையா?"

"கட்டியிருந்துச்சு. ஷீட்டு தூக்கக் கயிறு பத்தலன்னு நாந்தான் அவுத்தேன்."

"அடப்பாவி!"

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். 'நாந்தாங்க பாக்காம வந்துட்டேன், உங்க வேலை கெட்டுப்போச்சு'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"இனிமே பாத்து வாங்கம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேண்ணா."